அருமைநாதன் அடித்த மணி

சனிக்கிழமை காலைகளில் பீடத்துணி தோய்ப்பது அருமைநாதனின் வேலை. மனைவி றோசாவை அதில் கைவைக்க விடமாட்டார். அதற்கென்று ஒரு வெள்ளை வாளி இருக்கிறது. வீட்டு உடுப்பு எதுவும் அதற்குள் போகாது. பூசைப் பாத்திரத்துக்குக் கீழே விரிக்கிற சதுரத் துணி மூன்று, குருவானவர் கை துடைக்கிற துணி ஐந்து. சதுரத் துணிகளை அலசிய முதல் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். நற்கருணையின் துணுக்கு ஒட்டியிருந்தால் அது சாக்கடைக்குப் போய்விடும் என்பதால் அப்படியொரு முறை. ஊரில் கோயிலைச் சுற்றி மண்தான். மொன்றியலின் லஷீனில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறவர் மண்ணைத் தேடிப் போக வேண்டும்.

அவர் வாளியோடு இரும்புப் படிகளில் இறங்கி, பின்புறத்தில் வீட்டுக்காரி தக்காளி நடுகிற சின்னப் பாத்தியில் ஊற்றுவார். வீட்டுக்காரி இத்தாலிக்காரி. முதல் வருடம் ஊத்தைத் தண்ணீர் கொட்டுகிறான் என்று பிரெஞ்சில் கத்தினாள். அவருக்கு அப்போது பிரெஞ்சு வராது. துணியை விரித்து நடுவில் தைத்திருந்த சிலுவையைக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆவணியில் தக்காளி கிளை முறியக் காய்த்ததாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பிந்தினாலும் கதவைத் தட்டிக் கேட்பாள்.

இரண்டாயிரத்து ஏழு சித்திரை மாதத்தின் அந்தச் சனிக்கிழமையும் அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றபோது, டோர்வல் விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானமொன்று கூரைகளுக்கு மேலே போனது. அவர் நிமிரவில்லை. "எயார்பஸ்" என்றார், வாளிக்குச் சொல்வதுபோல. அப்படிச் சொல்வது ஒரு பழக்கம். கேட்கிறவர் இல்லாவிட்டாலும் வாயில் வந்துவிடும். அன்று பின்னேரம் ஊர்க்காரி சிசிலி வருவதாக இருந்தது. வந்தால் சொல்லுவதா விடுவதா என்று மூன்று கிழமையாக அவருக்கு முடிவில்லை.

அருமைநாதனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற ஒரு சமையற்கூடத்தில் பதின்மூன்று வருடமாக வேலை. சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கிய வண்டிலை லொறியில் ஏற்றி, லொறியின் பெட்டியை விமானக் கதவு வரைக்கும் உயர்த்தி, உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு வர வேண்டும். நாற்பத்துநாலு வயது வரைக்கும் வயிற்றுப்புறத்தை மட்டுமே அண்ணாந்து பார்த்த விமானத்துக்குள் கோழிக்கறியும் பாணும் ஏற்றுகிற வேலை கிடைத்ததைப் பற்றி அவர் எதுவும் பெரிதாகச் சொன்னதில்லை. சம்பளம் பரவாயில்லை, குளிர்தான் முழங்காலைத் தின்கிறது என்பார்.

ஊர் மன்னார்ப் பக்கம் ஒரு சின்னக் கரையோரக் கிராமம். தகப்பன் கோயிலைத் திறந்து பூட்டி மணியடித்தவர். அவருக்குப் பிறகு மகன். எண்பத்தைந்து எண்பத்தாறுக்குப் பிறகு அங்கே சின்னப்பிள்ளைக்கும் விமானம் தெரியும். இராணுவ ஹெலி வந்தால் சுடும், ஒளியத் தடித்த மரமொன்று போதும். சியாமாசெட்டி என்கிற சின்னக் குண்டுவீச்சு விமானம் வந்தால் குத்திப் பதிந்து குண்டைப் போட்டுவிட்டு எழும்பும். சகடை என்று சனம் பேர் வைத்தது ஒரு கிழட்டுச் சாமான் விமானத்துக்கு. அதிலிருந்து பீப்பாய்க் குண்டைக் கையால் உருட்டித் தள்ளுவார்கள். எங்கே விழும் என்று தள்ளுகிறவனுக்கும் தெரியாது. எல்லாருக்கும் கேட்கிற சத்தம் அருமைநாதனுக்கு அரை நிமிடம் முந்திக் கேட்டது. அதனால் ஊர் கூடி, குண்டு போட விமானம் வந்தால் அவர் மணியை விடாமல் அடிப்பது, அடித்தால் எல்லாரும் வளவில் வெட்டிய பங்கர் குழிக்குள் போவது என்று தீர்மானித்தது.

பங்குச் சுவாமியார் ஒரு நிபந்தனை வைத்தார். காலை, மதியம், மாலை அடிக்கிற திரிகால மணி நிற்கக் கூடாது. "பிளேனுக்குப் பயந்து ஆண்டவருக்கு மணியடிக்காமல் விடேலாது" என்றார். திரிகால மணிக்கு ஒரு கணக்கு உண்டு: மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி; கடைசியாக நிறுத்தாமல் சேர்த்து இன்னும் ஒன்பது. இரண்டு மணிக்கும் வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பயந்த சனம் கணக்குப் பார்ப்பதில்லை. முதல் அடியிலேயே ஓடுகிற வீடுகள் பல இருந்தன.

தொண்ணூற்றொன்றில் சகடைக்கு இன்னொரு வேலையும் வந்தது. தீவுப்பக்கத்து இராணுவ முகாமுக்கு அரிசியும் மாவும் கொண்டுபோகிற விமானமும் அதே இனம், அதே சத்தம். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் கடலோடு ஒட்டி வந்து போகும். குண்டு போடுவதென்றால் சகடை முதலில் ஒரு வட்டமடிக்கும். சாமான் கொண்டுபோவதென்றால் நேரே போகும். அருமைநாதன் மூன்று தடவை சாமான் விமானத்துக்கு மணியடித்துவிட்டார். ஒருதடவை சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை சிதறி, திரும்பி வந்தபோது ஆர் முன்னுக்கு நின்றது என்று அடிபிடி. இன்னொரு தடவை ஒரு கிழவர் பங்கருக்குள் குதித்து இடுப்பு முறிந்துபோனார். சங்கக்கடை மனேச்சர் சந்தியில் வைத்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அருமை, உன்ர மணியைவிடப் பிளேன் பரவாயில்லையடாப்பா."

நாலாவது தடவை செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு மணிக்குத் திரிகாலம் அடித்தார். கடைசி ஒன்பதும் முடிந்து கயிறு கையில் இருக்கும்போதே கடற்பக்கத்தால் சகடையின் சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை, மத்தியானம், கடலோடு ஒட்டி. வட்டமடிக்கட்டும், பார்ப்போம் என்று நின்றார். அது வட்டமடிக்கவில்லை. மூன்று பீப்பாய் விழுந்தது. ஒன்று கோயில் வளவில், ஒன்று தெருவில், ஒன்று மரியதாசனின் முற்றத்தில். தெருவில் சைக்கிளில் போன இரண்டு பேரும், கடலால் வந்து சோற்றுக்கு இருந்த மரியதாசனும் செத்துப்போனார்கள். மரியதாசனின் பெண்சாதி சிசிலி மோர் மிளகாய் வாங்கப் பக்கத்து வளவுக்குப் போயிருந்ததால் தப்பினாள். ஒன்பது வயது மகள் ஜெயனி பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அருமைநாதனின் வாழ்க்கையை வேறு பக்கம் கொண்டுபோனது. திரிகால மணியின் முதல் அடிக்கே பங்கருக்குள் ஓடிய சனம் வெளியே வந்து, மணியடித்தபடியால்தான் தப்பினோம் என்றது. கோயில் வாசலுக்கு முதலில் ஓடிவந்தவர் சங்கக்கடை மனேச்சர். அவருடைய வீட்டுக் கூரையில் பாதியைக் காணவில்லை. பெண்சாதி பிள்ளைகள் ஐந்து பேரும் பங்கருக்குள் உயிரோடு இருந்தார்கள். அவர் அருமைநாதனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். "உன்னைச் சந்தியிலை வைச்சு நான் பேசினனே" என்றார். அது திரிகாலம் என்று சொல்ல அருமைநாதன் வாயெடுத்தார். சொல்லவில்லை. அந்த மனிதன் அழுது முடியட்டும், பிறகு சொல்லுவோம் என்று நினைத்தார். அவர் அழுது முடிப்பதற்குள் இன்னும் பத்துப் பேர் வந்துவிட்டார்கள்.

மறுநாள் றோசாவிடம் சொன்னார். றோசா, "வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றாள். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னார். அது பாவமில்லை, தவறு, இரண்டும் வேறு என்று சுவாமியார் சொன்னார். ஊர் தன்னைப் புகழ்வதைப் பற்றி அருமைநாதன் அவரிடம் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குள் சிசிலி பிள்ளையோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். மூன்று வருடத்தில் அருமைநாதனும் றோசாவும் மொன்றியலுக்கு வந்துவிட்டார்கள். கதையும் அவர்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலில் முதல் நாளே ஒருவர் கையைப் பிடித்து, "நீங்கள்தானே அந்த மணி?" என்று கேட்டார். இங்கே கோயில் மணி மின்சாரத்தில் தன்பாட்டில் அடிக்கும். அதனால் பீடத்துணியைத் தான் தோய்க்கிறேன் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வருடம் பங்குனிக் கடைசியில் தமிழ்ப் போராளிகளின் இயக்கம் சின்ன விமானத்தில் போய்க் கட்டுநாயக்கா விமானத் தளத்தில் குண்டு போட்டது. அடுத்த ஞாயிறு குருத்தோலைத் திருநாள். பூசை முடிந்து நிலக்கீழ் மண்டபத்தில் எல்லாரும் கையில் குருத்தோலையோடு ரோல்சும் தேத்தண்ணியுமாக நின்றபோது வேறு கதை இல்லை. பங்குச் சபையில் ஓடியாடி வேலை செய்கிற பற்றிக், நாற்பது வயது, மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன், அருமைநாதனைப் பிடித்துக்கொண்டான்.

"அருமை அண்ணை, உங்கட காதுக்கு இப்பதான் ஒரு நல்ல சத்தம். என்ன பிளேன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"நான் இஞ்ச லஷீனிலை இருந்துகொண்டு கட்டுநாயக்காவைக் கேக்கிறதே?"

"படம் பாத்தனீங்கள்தானே."

"சின்ன எஞ்சின். மோட்டச்சைக்கிள் மாதிரித்தான் சத்தம் வரும்."

"மோட்டச்சைக்கிள்தான் அண்ணை, ஆனால் மேலாலை போகுதெல்லோ. இவ்வளவு நாளும் அவன் போட்டான், நாங்கள் ஓடினம். இனி அவையும் கொஞ்சம் ஓடட்டும். அவைக்கு மணியடிக்க ஆர் இருக்கினம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அருமைநாதன் ரோல்சைக் கடித்து விழுங்கிவிட்டுச் சொன்னார்: "இருப்பினம். அந்தப் பக்கமெல்லாம் வேதக்காரச் சனம்தானே. கோயிலுக்குக் கோயில் மணி இருக்கு."

"அண்ணையை விடுங்கோ, அண்ணை பூசைத்துணி தோய்ச்சுத் தோய்ச்சு வெளுத்துப்போனார்" என்றான் பற்றிக். பிறகு குரலை இறக்கி, வைகாசியில் ஒரு ஞாயிறு விமானக் குண்டுகளில் செத்தவர்களுக்கென்று நினைவுப் பூசை வைக்கப்போவதாகவும், ஒரு சின்னப் புத்தகம் போடுவதாகவும், அதில் அருமைநாதனின் மணியைப் பற்றித் தானே எழுதியிருப்பதாகவும், பூசை முடிவில் அவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றும் சொன்னான்.

"எனக்குப் பேச வராது."

"அடிச்சதைச் சொன்னால் போதும். நில்லுங்கோ, உங்களுக்கு ஒரு ஆளைக் காட்டுறன்."

அவன் கூட்டிக்கொண்டு வந்தது சிசிலியை. ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் இருக்கிற மகள் ஜெயனி ஸ்பொன்சர் செய்து, மாசியில்தான் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். மகளின் குளிர்ச்சட்டை அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரிது. தலை முழுக்க நரைத்திருந்தது. அருமைநாதனுக்கு ஆளைத் தெரிய ஒரு கணம் எடுத்தது. அவளுக்கு உடனே தெரிந்தது.

"அருமையண்ணை, என்னைத் தெரியுதோ?"

"தெரியுது சிசிலி. எப்பிடி இருக்கிறாய்?"

"இருக்கிறன். கிழமைக்கொருக்கா உங்களை நினைப்பன், அண்ணை. நீங்கள் அடிச்சீங்கள். அவர் கேட்டிட்டு எழும்பினவர். நான்தான், திரிகாலம், பேசாமல் இருந்து சாப்பிடுங்கோ எண்டு பிடிச்சு இருத்தினனான். இருத்திப்போட்டு மோர் மிளகாய் வாங்கப் போனனான். உங்களிலை ஒரு பிழையுமில்லை எண்டு சொல்லவேணுமெண்டு இருந்தனான். இண்டைக்குச் சொல்லிப்போட்டன்."

அவள் அழவில்லை. ஒரு சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டதுபோல நின்றாள். பக்கத்தில் நின்ற றோசா, "தேத்தண்ணி குடிச்சனியோ சிசிலி?" என்று அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்து கழற்றும்போதுதான் றோசா வாய் திறந்தாள்.

"அந்த முகத்தை வைச்சுக்கொண்டு திரியாதேங்கோ."

"எந்த முகம்?"

"இந்த முகம்தான். சொல்லப்போறன் எண்ட முகம்."

"அவள் தன்னிலை பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள், றோசா."

"பதினாறு வருசம் நினைச்சுப் பழகிப்போட்டாள். இப்ப நீங்கள் போய், உன்னிலை இல்லை, என்னிலை எண்டால், அவளுக்கு மனுசன் எழும்பி வரப்போறாரோ?"

"இல்லை."

"பேந்தென்ன? ஊரே அடிச்சதெண்டு சொல்லுது. நீங்கள் ஒராள் நிண்டு அடிக்கேல்லை எண்டால் ஊரைப் பொய்யாக்கிறியள். அந்த மனேச்சர் பொடியன் ரொறன்ரோவிலை தன்ர பிள்ளைக்கு உங்கட பேரெல்லே வைச்சிருக்கிறான். அவனுக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லப்போறியளோ, பேரை மாத்து எண்டு?"

அருமைநாதனுக்குச் சிரிப்பு வந்தது, றோசாவுக்கு வரவில்லை. அவள் நகரத்தில் ஒரு ஹொட்டேலில் அறை துப்புரவாக்குகிறாள். பதினாலு கட்டில் விரித்துவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வாங்கிலில் இருக்கிறாள். அந்த வாங்கில் அவளுக்குக் கிடைத்தது மணியால்தான். அதை அவள் வெளியே சொல்லவில்லை. அருமைநாதனுக்கும் அது தெரியாமலில்லை.

பெரிய வெள்ளிக்கிழமையன்று பற்றிக் தான் எழுதினதைக் கொண்டுவந்து தந்தான். 'குண்டுமழைக்கு நடுவில், தன்னுயிரைத் துச்சமாக மதித்து, இடைவிடாது மணியடித்து எழுபது உயிர்களைக் காத்த' என்று தொடங்கி ஒரு பக்கம். பிழை இருந்தால் திருத்தி அடுத்த ஞாயிறுக்குள் தரச் சொன்னான். அருமைநாதன் அதை மேசையில் வைத்து இரண்டு தடவை வாசித்தார். மழை எங்கே, மூன்று பீப்பாய்தானே என்று அதை மட்டும் வெட்டினார். பிறகு பேனையை மூடிவிட்டார். உயிர்த்த ஞாயிறும் போய், அடுத்த ஞாயிறும் போனது. பற்றிக் ரெலிபோன் எடுத்தபோது இருமல் என்றார்.

வாளியோடு நின்ற அந்தச் சனிக்கிழமை, சிசிலி புத்தகத்துக்கென்று மரியதாசனின் படம் கொண்டுவருவதாக இருந்தது. ஜெயனியின் புருசன் டோர்வலில் பொதி ஏற்றுகிறவன். வேலையிடத்தில் ஒரு சின்ன அலுவலுக்குப் போகும் வழியில் மாமியாரை இறக்கிவிட்டு, நாலு மணிக்கு வந்து ஏற்றுவதாகச் சொல்லியிருந்தான். றோசா வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று, "படத்தை வாங்கி வைச்சிட்டுத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ, அவ்வளவுதான்" என்றாள்.

சிசிலி இரும்புப் படிகளில் ஒவ்வொன்றாகக் காலை வைத்து ஏறி வந்தாள். குசினி மேசையில் இருத்தினார். தேத்தண்ணி போட்டார். அவள் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து படத்தை எடுத்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த படம். ஒரு மூலையில் தண்ணீர் பட்டு மஞ்சளாகியிருந்தது. மரியதாசன் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது காணுமோ அண்ணை?"

"காணும். பற்றிக் கொம்பியூட்டரிலை வடிவாக்குவான்."

"மருமகன் அந்தத் தம்பி எழுதினதை வாசிச்சுக் காட்டினவர். எழுபது சீவன் எண்டு." அவள் தேத்தண்ணியை ஊதினாள். "எழுபத்தொண்டாய் இருந்திருக்கவேண்டியது. நான்தான் ஒண்டைக் குறைச்சனான்."

"சிசிலி."

"சும்மா சொல்லுறன். நான் இப்ப அழுகிறதில்லை. ஜெயனி பக்கத்து வீட்டுப் பிள்ளையளட்டைக் கதை கேட்டுத் தெரிஞ்சவள். பதினாறு வயசிலை ஒருக்கா சண்டை. காம்பிலை தண்ணிக்கு நிக்கேக்கை எல்லாருக்கும் முன்னாலை கேட்டாள், நீங்கள்தானே அப்பாவைப் பிடிச்சு இருத்தினது எண்டு. அதுக்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல பிள்ளை. என்னை இஞ்ச கூப்பிட்டு வைச்சிருக்கிறாள். ஆனால் மத்தியானம் ஒருநாளும் என்னோடை இருந்து சாப்பிடமாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு ரீவிக்கு முன்னாலை போயிடுவாள்."

அருமைநாதன் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தார். மேலே விமானமொன்று போனது. என்ன விமானம் என்று அவர் சொல்லவில்லை.

"நீ என்ன எண்ணினனீ?" என்று கேட்டார்.

"என்னத்தை?"

"அண்டைக்கு. மணியை."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். சுட்டுவிரலால் மேசையில் தட்டினாள். மூன்று. நிறுத்தினாள். மூன்று. "ரெண்டாம் மூண்டிலை அவர் எழும்பினவர். இருங்கோ, இது திரிகாலம் எண்டனான். பேந்து நான் மிளகாய்க்குப் போட்டன். அதுக்குப் பிறகு நீங்கள் விடாமல் அடிச்சிருக்கிறியள், எனக்குத்தான் கேக்கேல்லை."

"அது திரிகாலம்தான்."

"ஓம், முதல் அடிச்சது..."

"முதலும் திரிகாலம், கடைசியும் திரிகாலம். மூண்டு மூண்டாய் ஒம்பது, பேந்து சேர்த்து ஒம்பது. அவ்வளவுதான் அடிச்சனான். நீ சொன்னது சரி."

சிசிலி அவருடைய முகத்தைப் பார்த்தாள். வயதானவர், ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தாள் போலும். "எல்லாரும் கேட்டதெண்டு சொன்னவையள்" என்றாள்.

"முதல் அடிக்கே ஓடின சனம். பங்கருக்குள்ளை இருந்துகொண்டு ஆர் எண்ணுறது? நான் சொல்லாமல் விட்டிட்டன்."

"பிளேன் உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"எப்ப?"

"ஒம்பது முடிய. கயிறு கையிலைதான் இருந்தது."

"கையிலை இருந்தது."

"ஓம்."

"பேந்து ஏன் அடிக்கேல்லை?"

"செவ்வாய்க்கிழமை" என்றார் அருமைநாதன். அந்த ஊரில் அந்தக் காலத்தில் இருந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"சாமான் பிளேன் எண்டு நினைச்சீங்கள்."

"வட்டமடிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். மூண்டுதரம் பிழையாய் அடிச்சு ஊர் முழுக்கப் பேச்சு வாங்கினது. நாலாந்தரமும் பிழைச்சால் ஒருத்தரும் இனி ஓடமாட்டினம் எண்டு நினைச்சன். அதுவும் ஒரு பக்கம்தான். வெக்கமும் இருந்தது."

கீழே வீட்டுக்காரி யாரோடோ உரத்துக் கதைப்பது கேட்டது.

"எங்களுக்கும் செவ்வாய்க்கிழமை தெரியும், அண்ணை" என்றாள் சிசிலி. குரல் உயரவில்லை. "சின்னப்பிள்ளையளுக்கும் தெரியும். அதைவிடக் கூடத் தெரியுமெண்டுதானே உங்களை அங்கை விட்டது."

அருமைநாதன் தலையை ஆட்டினார். பதினாறு வருடமாக அவர் தனக்குச் சொல்லிவந்ததும் இதைவிட வேறல்ல.

"எனக்கு மூண்டு மூண்டாய்த்தான் கேட்டது" என்றாள் சிசிலி, தனக்கே சொல்வதுபோல. "நல்லாக் கேட்டது. காம்பிலை எல்லாரும் சொல்லிச் சொல்லி என்ர காதை நானே நம்பேல்லை. டொக்டரிட்டைக்கூடப் போனனான், காது பழுதோ எண்டு. அவர் லைட் அடிச்சுப் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டவர்."

"நான் பற்றிக்குக்குச் சொல்லுறன். அந்தப் பக்கத்தை எடுத்துப்போடச் சொல்லுறன். பூசையிலையும் எழும்பி நிண்டு சொல்லுறன்."

"பற்றிக்குக்குச் சொல்லி எனக்கென்ன?" என்றாள் சிசிலி.

அவள் புத்தகத்துக்கென்று கொண்டுவந்த படத்தைத் திருப்பி எடுத்து உறைக்குள் வைத்தாள். உறையின் வாயை இரண்டாக மடித்தாள். தேத்தண்ணியில் பாதி அப்படியே இருந்தது. கீழே கார் வந்து நின்று ஒருதரம் ஹோர்ன் அடித்தது. மணி நாலாகியிருக்கவில்லை, மருமகன் வெள்ளன வந்துவிட்டான். அவள் எழும்பிக் கதிரையில் கிடந்த குளிர்ச்சட்டையைப் போட்டாள். நீளக் கைக்குள் விரல் வெளியே வர நேரமெடுத்தது. அருமைநாதன் உதவிக்கு எழும்பினார். பிறகு, உதவுவது சரியோ என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜெயனிக்கு ஆர் சொல்லுறது, சிசிலி?" என்று கேட்டார். "நீ சொல்லுறியோ, நான் வந்து சொல்லவோ? நாளைக்கெண்டாலும் வருவன். நான் சொன்னால்தான் நம்புவாள்."

சிசிலி உறையைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்துப் பூட்டினாள். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கேள்வியை அவரிடமே விட்டுவிட்டு, குசினியிலிருந்து வெளியே நடந்தாள்.